தர்பு ஜுபைதா: ஹாஜிகள் நடந்த பாலைப் பெருவழி

இராக்கின் கூஃபா நகரத்தையும் புனித மக்காவையும் இணைத்து, ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு பாதை பாலைவனத்தின் குறுக்கே கிடக்கிறது. ‘தர்பு ஜுபைதா’, அதாவது ஜுபைதாவின் பாதை என்பது அதன் பெயர். இன்று அதில் ஒட்டகக் கூட்டங்கள் செல்வதில்லை. ஆயினும் நெடுந்தொலைவுக்குக் கற்களை அகற்றி ஒழுங்குபடுத்திய தடமும், மைல் கற்களும், வட்டமாகவும் சதுரமாகவும் கட்டப்பட்ட குளங்களும் இன்னும் எஞ்சி நிற்கின்றன. மழை பெய்தால் அக்குளங்களில் சில இப்போதும் நிரம்புகின்றன.

பெயரைக் கேட்டதும், பாதை முழுவதையும் கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா அம்மையாரே அமைத்தார் என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். மேடைகளிலும் அவ்வாறே பேசப்படுகிறது. வரலாறு அப்படியன்று. அபூதர் கிஃபாரி (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 32இல் ரபதாவில் தனிமையில் வஃபாத்தானபோது, இராக்கிலிருந்து இவ்வழியே வந்த இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் குழுவினரே ஜனாஸாத் தொழுகை நடத்தினர். இமாம் ஹுஸைன் (ரலி) அவர்கள் மக்காவிலிருந்து கூஃபாவை நோக்கிப் புறப்பட்டதும் இவ்வழியில்தான். பின்னர் முதல் அப்பாஸியக் கலீஃபா ஸஃப்பாஹ், ஹிஜ்ரி 134இல் இப்பாதையில் மைல் கற்களையும், இரவில் வழிகாட்டத் தீ மூட்டும் மேடைகளையும் அமைத்தார். ஹாரூனின் தந்தை மஹ்தீ, ஹிஜ்ரி 161இல் தங்குமிடங்களையும் நீர்த்தேக்கங்களையும் கிணறுகளையும் கட்ட ஆணையிட்டார். இவ்வளவுக்குப் பின்னரே ஜுபைதா வருகிறார். அப்படியிருந்தும் மக்கள் நாவில் நிலைத்தது அவர் பெயர் ஒன்றுதான்!

ஹாரூனும் ஜுபைதாவும் கலீஃபா மன்சூரின் பேரப்பிள்ளைகள். ஜுபைதாவின் இயற்பெயர் அமத்துல் அஸீஸ். அவர் குழந்தையாக இருந்தபோது, அவரது கொழுகொழுப்பைக் கண்ட பாட்டனார் மன்சூர் செல்லமாக அழைத்த பெயரே ‘ஜுபைதா’. வெண்ணெய் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஹாரூன் தம் ஆட்சிக்காலத்தில் (786–809) எட்டு அல்லது ஒன்பது முறை ஹஜ் செய்தார். ஒருமுறை அவர் கால்நடையாகவே சென்றார் என்றும், அவருக்காக வழியில் விரிப்புகள் விரிக்கப்பட்டன என்றும் நூல்கள் கூறும். ஜுபைதாவும் பலமுறை ஹஜ் செய்தவர். அரண்மனையில் அமர்ந்து கணக்குப் பார்த்துக் கட்டளையிட்டவரல்லர். அந்த வெயிலையும் தாகத்தையும் நேரில் கண்டவர்.

பாதையின் அமைப்பு வியப்புக்குரியது. அதில் பெரிய தங்குமிடங்கள் 27, அவற்றுக்கு இடையே சிறிய தங்குமிடங்கள் 27. பெரிய தங்குமிடம் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒட்டகக் கூட்டத்திற்கு ஒரு நாள் பயணம். ஓடைகளில் பாயும் மழைவெள்ளத்தைத் தடுத்துத் திருப்பிக் குளங்களில் சேர்த்தனர். பிர்கத்துல் கராபா என்னுமிடத்தில் இரண்டு தொட்டிகளைக் காணலாம். வெள்ளம் முதலில் செவ்வகத் தொட்டியில் தேங்கும். மணலும் வண்டலும் அங்கேயே படியும். தெளிந்த நீர் மட்டும் பக்கத்திலுள்ள வட்டக் குளத்திற்குச் செல்லும். நீர் எவ்வளவு இறங்கினாலும் முகந்துகொள்ள, குளத்தினுள் படிகளும் உண்டு. மணல் மூடும் இடங்களில் பாதைக்குக் கல் பாவினர். வழியின் நடுவே ஃபைத் என்னும் ஊர். ஹாஜிகள் தம் உணவுப் பொருட்களில் ஒரு பகுதியை அவ்வூராரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வர், திரும்பும்போது பெற்றுக்கொள்வர். அமானிதம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை. மக்காவை நெருங்கும்போது தாத்து இர்க் வரும். நம் முன்னோருக்கு யலம்லம் போல, இராக் வழியே வருவோர் இஹ்ராம் அணியும் எல்லை அதுதான்.

மக்காவிலோ ஒரு தோல்பை நீர் ஒரு தீனாருக்கு விற்ற காலம் அது. மலைகளைக் குடைந்து நீர் கொண்டுவர ஜுபைதா முடிவு செய்தார். செலவு மிகும் என்று தயங்கிய பொறுப்பாளரிடம், மண்வெட்டியின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தீனார் ஆனாலும் வேலையைச் செய்க என்று அவர் சொன்னதாக இப்னு கல்லிகான் பதிவு செய்துள்ளார். ‘ஐன் ஜுபைதா’ என்ற அக்கால்வாய் பல நூற்றாண்டுகள் மக்கா மக்களுக்கும் ஹாஜிகளுக்கும் நீர் தந்தது.

அதே பாதையில் வேறொன்றும் பயணம் செய்தது. ஹிஜ்ரி 186இல் ஹாரூன் தம் மைந்தர் அமீனையும் மஃமூனையும் ஹஜ்ஜுக்கு அழைத்துச் சென்றார். தமக்குப் பின் அமீன், அவருக்குப் பின் மஃமூன் என்று ஒப்பந்தம் எழுதி, இருவரிடமும் உறுதிமொழி வாங்கி, கஃபாவில் தொங்கவிட்டார். அமீன், ஜுபைதா பெற்ற மகன். மஃமூனோ அடிமைப் பெண்ணொருவரின் மகன். ஹாரூன் மறைந்து சில ஆண்டுகளுக்குள் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்தெறியச் செய்தவர் அமீனேதான். உள்நாட்டுப் போர் மூண்டது. ஹிஜ்ரி 198இல் பாக்தாத் வீழ்ந்தது, அமீன் கொல்லப்பட்டார். இறையில்லத்தில் வைத்துச் செய்த உறுதிமொழி என்ன ஆயிற்று என்பதை, அவ்வில்லத்திற்கு வழி சமைத்த தாயே தம் மகன் வடிவில் காண நேர்ந்தது.

ஹிஜ்ரி 210இல் மஃமூனுக்கும் பூரானுக்கும் திருமணம் நடந்தது. மணமகளுக்கு விலையுயர்ந்த ஆடையொன்றை அணிவித்தவர், மகனை இழந்த அதே ஜுபைதா. மணவிருப்பம் யாதெனக் கலீஃபா கேட்க, பூரான் கேட்டவற்றுள் ஒன்று, ஜுபைதா ஹஜ்ஜுக்குச் செல்ல அனுமதி. ஹாஜிகளின் பாதைக்கு யார் பெயர் வழங்குகிறதோ, அவர் அப்பாதையில் செல்லப் பிறர் பரிந்துரைக்க வேண்டியிருந்தது! மஃமூன் அனுமதி அளித்தார். ஹிஜ்ரி 216இல் பாக்தாதில் ஜுபைதா வஃபாத்தானார்.

பின்னர் கர்மதிகள் இவ்வழியில் ஹாஜிகளைக் கொன்று கொள்ளையிட்டனர். 1258இல் மங்கோலியர் பாக்தாதை அழித்தபின் பாதையின் செழிப்பு குன்றியது. ஆயினும் 1184இல் இவ்வழியே சென்ற இப்னு ஜுபைரும், 1326இல் சென்ற இப்னு பதூதாவும் வழிநெடுகக் குளங்களையும் கிணறுகளையும் கண்டனர். அவற்றின் நீரை அருந்தி, ஜுபைதாவை நன்றியோடு நினைவுகூர்ந்து எழுதியுள்ளனர்.