மாதரும் இருதய நோயும்

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டை தமிழருக்கு அயலிடம் அன்று. கோட்டை வாயிலுக்கு உள்ளே பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரங்களிலும், வெளியே சாலைக் கடைவீதியிலும் பல தலைமுறைகளாகத் தமிழ் ஒலித்து வருகிறது. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்து, கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் இத்தொடர்பு அறுபடவில்லை. கோயிலுக்கும் வாணிகத்துக்கும் வருவோரோடு, நோயாளியை அழைத்து வருவோரும் இங்கே மருத்துவக் கல்லூரிப் பேருந்தைத் தேடி நிற்பதுண்டு. அப்பேருந்து சென்றடையும் வளாகத்திலே இருதய நோயின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் அடங்கியிருக்கிறது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர், குறிப்பாக நம் இல்லத்துப் பெண்கள், அதனை அறிந்துகொள்வது நலம்.

பத்மநாபதாசர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட திருவிதாங்கூர் அரச குடும்பத்தில், 1944ஆம் ஆண்டு, அவிட்டம் திருநாள் என்னும் இளவரசர் ஆறு வயதிலேயே காலமானார். கீல்வாதக் காய்ச்சலால் விளைந்த இருதய நோயே அதற்குக் காரணம். அக்குழந்தையின் நினைவாக எழுந்ததே, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1952ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரி.

அரண்மனையிலும் புகுந்த இந்நோய், ஏழைக் குடிசைகளிலேதான் மிகுதியாக வேரூன்றியது. நெருக்கமான வீடுகளில் வாழும் சிறுவர் சிறுமியருக்குத் தொண்டையில் ஒருவகைக் கிருமியால் புண் உண்டாகிறது. அதற்குத் தக்க சிகிச்சை செய்யாவிடில், சிலருக்குச் சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் காண்கின்றன. மூட்டு வீக்கம் வடிந்துவிடும். இருதய வால்வில் பட்ட வடு வடியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல மிட்ரல் என்னும் வால்வு தடித்துச் சுருங்குகிறது. இவ்வாறு வால்வு சுருங்கும் நிலை ஆண்களைவிடப் பெண்களிடத்திலேயே அதிகம்.

பெரும்பாலும் அது வெளிப்படும் தருணம் எது? கருவுற்ற காலம். அப்போது தாயின் உடலில் இரத்த அளவு நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை மிகுகிறது. சுருங்கிய வால்வு அச்சுமையைத் தாங்காது. மூச்சு வாங்குகிறது, இரவில் படுக்க இயலவில்லை. “பிள்ளைத்தாய்ச்சிக்கு இது இயல்புதானே” என்று வீட்டார் தேறுதல் கூறுகின்றனர். அத்தேறுதலிலேயே எத்தனையோ உயிர்கள் போயின. பெனிசிலின் ஊசியை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வைத்தியர் சொல்லும் ஆண்டுகள் வரை தவறாமல் போட்டுக்கொண்டால், நோய் மீண்டும் தாக்காமல் தடுக்கலாம் என்பது இன்று நன்கு நிலைநாட்டப்பெற்ற உண்மை.

வால்வு முற்றும் பழுதானவர்க்கு வழி யாது? 1973ஆம் ஆண்டு அதே அரச குடும்பம் அளித்த கட்டடத்திலே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் உருப்பெற்றது. அதன் தலைவராக விளங்கிய டாக்டர் வலியத்தான், வெளிநாட்டிலிருந்து வாங்கும் செயற்கை வால்வின் விலை நம் மக்களுக்கு எட்டாதது என்று கண்டு, அதனை இங்கேயே உருவாக்க முனைந்தார். மூன்று மாதிரிகள் சோதனையில் தோற்றன. நான்காவது மாதிரி 1990ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. நிறுவனம் அதனைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது. அவ்வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர்க்குப் பொருத்தப்பட்டுள்ளது.

தென்கோடியில் இவ்வாறிருக்க, வடக்கே ஒரு தமிழ்ப் பெண்மணி ஆற்றிய பணியை இங்கே நினைவுகூர்தல் தகும். டாக்டர் பத்மாவதி 1917ஆம் ஆண்டு பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் பயின்றவர். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது குடும்பத்துப் பெண்களோடு கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். பின்னர் மேல்நாடுகளில் உயர்கல்வி பெற்று, 1953ஆம் ஆண்டு டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணர் இவரே. நுரையீரல் கெட்டு அதனால் இருதயத்தின் வலப்பக்கம் தளரும் நோயைப் பற்றி, 127 நோயாளிகளை ஆராய்ந்து, 1959ஆம் ஆண்டு தம் சக வைத்தியர் ஒருவருடன் கட்டுரை வெளியிட்டார். புகைபிடிக்கும் ஆண்களுக்கே உரியதென்று பிற நாடுகளில் கருதப்பட்ட அந்நோய், டில்லியில் புகைபிடிக்காத பெண்களிடத்தும் பெருவாரியாகக் காணப்பட்டது. சாணமும் விறகும் எரியும் அடுப்பின் புகையே அதற்குக் காரணமாகலாம் என அவர் சுட்டினார். நாள்தோறும் அடுப்படியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பெண்ணின் இருமலுக்கு மருத்துவ நூலில் ஓர் இடம் கிடைத்தது. 1962இல் அகில இந்திய இருதய அறக்கட்டளையை நிறுவிய அவர், 2020ஆம் ஆண்டு, 103ஆம் வயதில் மறைந்தார்.

இச்செய்திகளைச் சேர்த்துப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகிறது. பெண்ணின் இருதய நோய் வேறு பெயரைப் பூண்டு வருகிறது. கர்ப்பக் களைப்பு, அடுப்புப் புகை இருமல், வாயுப் பிடிப்பு என்று அதற்குப் பெயரிட்டு விடுகிறோம். இது ஆண்களின் நோய் என்னும் எண்ணமும் இன்றளவும் நீங்கவில்லை. ஆயினும் 2019ஆம் ஆண்டு உலகில் இறந்த பெண்களில் நூற்றுக்கு 35 பேர் இருதய, இரத்தக்குழாய் நோய்களாலேயே மாண்டனர். வேறெந்த நோய் வகையும் பெண்களில் இத்தனை பேரைக் கொண்டு போகவில்லை.

மாரடைப்பில் நெஞ்சை அழுத்தும் வலி இருபாலார்க்கும் பொது. பெண்களிடத்தில் அதனோடு, சில வேளை அது இன்றியே, மூச்சுத் திணறல், குமட்டல், முதுகிலும் தாடையிலும் நோவு, காரணமற்ற பெருங்களைப்பு ஆகியவை தோன்றலாம். ஓமநீரும் சுக்குக் கஷாயமும் அருந்திப் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் ஆபத்து. மாதவிடாய் நின்றபின் அபாயம் மிகுகிறது. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கண்டவர்கள், குழந்தை பிறந்ததோடு கவலை தீர்ந்ததென எண்ணாமல், ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வெளி மாநிலத்தில் வாழும் நம் பெண்களுக்கு மற்றொரு தடையும் உண்டு, அது மொழி. வேலைக்குச் செல்லும் ஆண்கள் ஊர்மொழியை எளிதில் பழகிவிடுகின்றனர். வீட்டோடு இருக்கும் தாய்க்குக் காய்கறிக்காரரிடம் பேசும் அளவே வாய்க்கிறது. தன் நோவை வைத்தியரிடம் மகனோ கணவனோ எடுத்துச் சொல்ல, அதில் பாதி வழியிலேயே உதிர்ந்து விடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை நன்கு அறிவோம். நெஞ்சுவலியை மலையாளத்தார் ‘நெஞ்சுவேதனை’ என்பர். கன்னடத்தார் ‘எதெ நோவு’ என்பர். இந்தியில் ‘சீனே மேம் தர்த்’ என்பது வழக்கு. இவ்வொரு தொடரையும், அவசர உதவிக்குரிய 112 என்னும் எண்ணையும் வீட்டிலுள்ள பெண்கள் அனைவருக்கும் கற்பித்து வைத்தல் நம் கடமை. வைத்தியரின் அறையில் முதலில் அவளே பேசட்டும். நாம் அருகிருந்து துணைபுரிவோம்.