புற்றுநோயும் உடற்காவலும்: ஆய்வுகூட வளர்ப்பின் வரலாறு

பகைவனது இயல்பை அறிதற்கு அவனைத் தனியே சிறைப்பிடித்து நோக்குதல் ஒரு முறை. அவன் காவலரோடு பொருதும் களத்திலே நோக்குதல் மற்றொரு முறை. ஆய்வுகூடத்தில் மனிதப் புற்றை வளர்த்து ஆராய்ந்தோர் நெடுங்காலம் முதலாம் முறையையே கைக்கொண்டனர். இரண்டாம் முறை கைகூடியமை அண்மைக்காலத்து நிகழ்ச்சியாகும்.

உடல் புற்றுநோயை எதிர்க்கவல்லது என்னும் எண்ணம் புதியதன்று. 1891 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துச் சத்திரவைத்தியர் வில்லியம் கோலி, கட்டியுற்ற நோயாளரின் உடலிற் பற்றீரியங்களைச் செலுத்தத் தொடங்கினார். சிலருடைய கட்டிகள் கரைந்தன; பலருடையவை கரையவில்லை. காரணம் யாதென அவரால் நிறுவ முடியவில்லை. உடலினுள்ளே நிகழ்வதைக் கண்ணாற் காணும் வழி அன்று இருக்கவில்லை.

அவ்வழியின் முதற்படி 1907 இல் அமைந்தது. றொஸ் ஹரிசன் என்னும் அமெரிக்க அறிஞர் தவளை முளையத்தின் நரம்பிழையத்தை நிணநீர்த் துளியொன்றில் உயிருடன் வைத்து, நரம்புநார் வளர்வதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். இழையவளர்ப்பு என்னும் கலை இவ்வாறு வேரூன்றியது. 1951 இல் பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், ஹென்றியேற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் கருப்பைக்கழுத்துப் புற்றிலிருந்து எடுத்த கலங்களை ஜோர்ஜ் கை என்பார் ஓயாது பெருகச் செய்தார். அப்பெண்மணி அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில் 31 ஆவது வயதில் இறந்தார். ‘ஹீலா’ எனப் பெயர்பெற்ற அவர்தம் கலங்களோ உலகெங்கும் பரவின. அவற்றை ஆராய்ச்சிக்கு எடுப்பதற்கு அவருடைய சம்மதம் கேட்கப்படவில்லை என்பது இவ்வரலாற்றின் மறுவாகும்.

ஆயினும், கிண்ணத்திற் பெருகிய அக்கலங்களை எதிர்த்துப் பொரும் வெண்குருதிக் கலங்கள் அங்கில்லை. ஆகவே, உடற்காவலாகிய நிர்ப்பீடனத்தை ஆராய்ந்தோர் எலியை நாடினர். 1957 இல் பிறென், மெயின் என்னும் இருவர், ஒரே மரபில் வந்த எலிகளில் இரசாயனப் பொருளாற் கட்டிகளை உண்டாக்கினர். ஒரு கட்டியை முன்னர் தாங்கி, அது அகற்றப்பெற்ற எலி, அக்கட்டியை மீண்டும் நட்டபோது அதனை ஏற்க மறுத்தது. வேறொரு கட்டிக்கு அவ்வெதிர்ப்பு எழவில்லை. ஒவ்வொரு கட்டிக்கும் தனக்கேயுரிய அடையாளம் உண்டென்பது புலனாயிற்று. எனினும் எலியின் நிர்ப்பீடனம் மனிதனுடையதன்று.

வெண்குருதிக் கலங்களின் தடையை நீக்கி அவற்றைப் புற்றின்மேல் ஏவும் சிகிச்சைக்கு வழிகண்ட அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனும் யப்பானியரான தசுக்கு ஹொஞ்சோவும் 2018 இல் நொபெல் பரிசு பெற்றனர். ஆனால் அச்சிகிச்சையும் சிலரைக் காத்தது, பலரைக் காக்கவில்லை. கோலி விட்டுச்சென்ற வினா மீண்டும் எழுந்தது.

அதனை ஆராய்தற்குரிய கருவி நெதர்லாந்தில் உருவாயிற்று. 2009 இல் உத்திரெக்ற் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் எலிக்குடலின் மூலக்கலம் ஒன்றைக் கூழ்போன்ற ஊடகத்தில் வளர்த்தனர். அது குடலின் அமைப்பையொத்த சிற்றுருவாகத் தானே திரண்டது. பின்னர் நோயாளரின் புற்றிலிருந்தும் இத்தகைய சிற்றுருக்கள் வளர்க்கப்பட்டன. 2018 இல் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தார் அச்சிற்றுருக்களையும், அதே நோயாளியின் குருதியிலிருந்து பெற்ற நிணநீர்க் கலங்களையும் ஒருங்கே வளர்த்தனர். சில நோயாளரின் குடற்புற்றிலும் நுரையீரற்புற்றிலும், பகையை இனங்கண்டு கொல்லவல்ல கலங்கள் பெருகின. அதே ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக் கல்வின் குவோ குழுவினர், புற்றினுள்ளே குடிகொண்டிருந்த நிர்ப்பீடனக் கலங்கள் அழியாவண்ணம், காற்றும் திரவமும் சந்திக்கும் எல்லையிற் புற்றுத் துண்டுகளை வளர்த்துக் காட்டினர்.

இக்களமும் முழுமையானதன்று. அங்கே குருதியோட்டம் இல்லை; நிணநீர்க் கணுக்கள் இல்லை; காவற்கலங்களும் நாளடைவில் அருகுகின்றன. எனினும், கிண்ணத்தில் தனித்து நின்ற புற்றுக்கலம் இன்று தன்னை எதிர்க்கும் காவலோடு சேர்த்துக் காணப்படுகிறது. நோயாளிக்கு மருந்தைக் கொடுக்குமுன் அவருடைய சிற்றுருவில் அதனைச் சோதிக்கலாம் என்னும் நம்பிக்கை இதனாற் பிறந்துள்ளது. அச்சிற்றுரு ஒவ்வொன்றும் துன்புறும் ஒருவரின் உடலிலிருந்து வந்ததாகும். ஹென்றியேற்றா லாக்ஸிடம் கேட்கப்படாத சம்மதத்தை முதலிற் கேட்டுப் பெறுதல் இன்று ஆராய்ச்சியாளரின் கடமையாயிற்று. அறிவின் வளர்ச்சியை அளப்போர் இவ்வளர்ச்சியையும் உடன் அளத்தல் வேண்டும்.