நிதியும் ஏற்பும்: காந்திகிராமக் கிராமிய உயர்கல்வி நிறுவனமும் மாணவர் நகர்வும் (1956–1976)

ஆய்வுச் சுருக்கம்

அரசு நிதி பெருகினால் உயர்கல்வியில் மாணவர் நகர்வும் பெருகும் என்பது பொதுவான கருத்து. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் 1956இல் தொடங்கப்பெற்ற கிராமிய உயர்கல்வி நிறுவனத்தின் முதல் இருபது ஆண்டுகள் இக்கருத்தைத் திருத்துகின்றன. அங்கு நிதி முன்னும் பட்ட ஏற்பு பின்னும் வந்தன. ஐரோப்பாவில் இவ்வரிசை தலைகீழாக அமைந்தது. இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிட்டு, நிதியும் ஏற்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காந்திகிராமம், கிராமிய உயர்கல்வி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பட்ட ஏற்பு, எராஸ்மஸ் திட்டம்.

முன்னுரை

டி. எஸ். சௌந்தரம், ஜி. ராமச்சந்திரன் இணையர் 1947இல் காந்திகிராமத்தை நிறுவினர். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த சின்னாளபட்டிப் பகுதியில், திண்டுக்கல் சமவெளியின் உழவர், நெசவாளர் ஊர்களுக்கு நடுவே அது அமைந்தது. அதன் சமூகப் பணி பரவலாக ஆராயப்பெற்றுள்ளது. அங்குப் பயின்ற மாணவர் வேறிடத்தில் மேற்படிப்பைத் தொடர இயன்றதா என்னும் வினா அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

கிராமிய உயர்கல்வித் திட்டம்

டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49), டென்மார்க்கின் மக்கள் கல்லூரிகளை எடுத்துக்காட்டிக் கிராமியப் பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்தது. கே. எல். ஸ்ரீமாலி தலைமையில் 1954இல் அமைந்த குழு அப்பரிந்துரைக்குச் செயல்வடிவம் தந்தது. 1956இல் தேசிய கிராமிய உயர்கல்வி மன்றம் உருவாயிற்று. மத்திய அரசின் மானியத்துடன் காந்திகிராமம், கோயம்புத்தூர், ஸ்ரீநிகேதன், உதய்பூர் முதலிய இடங்களில் கிராமிய நிறுவனங்கள் தொடங்கப்பெற்றன. மூன்றாண்டுக் கிராமியப் பணிப் பட்டயம் அவற்றின் முதன்மைப் படிப்பாயிற்று.

ஏற்புச் சிக்கல்

அதே 1956ஆம் ஆண்டில்தான் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டமும் இயற்றப்பெற்றது. சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமும் அச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் அந்நிலை பெற்ற நிறுவனமும் நாடாளுமன்றச் சட்டத்தால் தனியே அதிகாரம் பெற்ற நிறுவனமுமே பட்டம் வழங்கலாம் என அதன் 22ஆம் பிரிவு வரையறுத்தது. கிராமிய உயர்கல்வி மன்றம் இவ்வகையுள் அடங்கவில்லை. எனவே அது வழங்க இயன்றது பட்டயமே.

மத்திய அரசு தன் பணி நியமனங்களுக்கு இப்பட்டயத்தை முதல் பட்டத்திற்கு இணையாகக் கொண்டது. ஆயினும் முதுகலைச் சேர்க்கையை முடிவு செய்யும் உரிமை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே இருந்தது. சில பல்கலைக்கழகங்கள் பட்டயத்தை ஏற்றன, அனைத்தும் ஏற்கவில்லை. அரசுப் பணத்தில் மூன்றாண்டுகள் பயின்ற மாணவரின் மேற்படிப்பு, எந்தப் பல்கலைக்கழகத்தை நாடினார் என்பதைப் பொறுத்ததாயிற்று. கிராமத்தை உயர்த்த எழுந்த கல்வி, கிராமத்து மாணவரை ஓரிடத்திலேயே நிறுத்திவிடும் இடர் இதனால் நேர்ந்தது.

1962இல் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் வென்ற சௌந்தரம் மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். எனினும் நிறுவனம் பட்டம் வழங்கும் நிலையை அடைய மேலும் பல ஆண்டுகள் ஆயின. அரசின் ஆதரவு வேறு, சட்டம் தரும் தகுதி வேறு என்பதை இது உணர்த்துகிறது. 1976இல் அந்த 3ஆம் பிரிவின்கீழ் காந்திகிராமம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதன்பின் அங்குப் பெற்ற கல்வி, பட்டம் என்ற பெயரோடு வெளியே செல்ல முடிந்தது.

ஐரோப்பிய ஒப்பீடு

ஐரோப்பிய அவை நாடுகள் 1953இல் பல்கலைக்கழக நுழைவுக்கான சான்றிதழ்களின் இணைத்தன்மை பற்றிப் பாரிசில் உடன்படிக்கை செய்தன. 1956 டிசம்பரில், வெளிநாட்டில் பயின்ற காலத்தைக் கணக்கில் கொள்ளும் உடன்படிக்கை உருவாயிற்று. அது தற்கால மொழிகளைப் பயில்வோரை மட்டுமே கருதியது. பட்டங்களின் ஏற்பு பற்றிய உடன்படிக்கை 1959இல் வந்தது. இவ்வாறு ஏற்புக்கான விதிகள் முன்கூட்டியே அமைந்தும், பயணத்திற்கும் தங்குவதற்கும் பொது நிதி இல்லாத நிலையில் அவற்றால் பெருந்திரளான நகர்வு விளையவில்லை. 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டமே அந்நிதியை முறைப்படி வழங்கியது. முதல் கல்வியாண்டில் 3,244 மாணவர் அதன்வழிச் சென்றனர். 1989இல் மதிப்பலகு மாற்றுமுறை சோதனையாகத் தொடங்கியது. 1999இல் 29 நாடுகள் போலோக்னா அறிக்கையில் கையொப்பமிட்டன.

முடிவுரை

ஐரோப்பாவில் ஏற்பு இருந்தும் நிதி இல்லாமையால் நகர்வு தளர்ந்தது. காந்திகிராமத்தில் நிதி இருந்தும் ஏற்பு முழுமை பெறாமையால் நகர்வு தடைப்பட்டது. இவற்றுள் ஒன்று மற்றதற்கு ஈடாகாது என்பதே இவ்விரு வரலாறுகளும் தரும் முடிவு. 2021இல் இந்தியாவில் அறிமுகமான கல்வி மதிப்பலகு வங்கி, ஏற்புச் சிக்கலுக்குத் தீர்வு காண முற்படுகிறது. மதிப்பலகுகள் கணக்கில் சேர்ந்தாலும், வேறு ஊரில் தங்கிப் படிக்கும் செலவைச் சிற்றூர்க் குடும்பம் எவ்வாறு ஏற்கும் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தின் அனுபவம் அவ்வினாவைக் கொள்கை வகுப்போர் முன் வைக்கிறது.