புழுங்கலரிசி காப்பாத்தின கதை

"அந்தக் காலத்துல பழைய சோறு சாப்பிட்டே எல்லாரும் தொண்ணூறு வயசு இருந்தாங்களே!" ஊருக்கு வர்ற பட்டணத்துச் சொந்தங்க அடிக்கடி சொல்றது இது. இதுல பாதிதான் உண்மை.

சுதந்திரம் வந்த சமயத்துல நம்ம நாட்டோட சராசரி ஆயுள் 32 வயசு பக்கம்தான். காலரா, அம்மை, பஞ்சம், பிறந்த உடனே செத்துப்போற குழந்தைங்க, இதெல்லாம் சேர்ந்த கணக்கு அது. இன்னைக்கு 70 வயசைத் தொட்டிருக்குன்னா தடுப்பூசிக்கும் நல்ல தண்ணிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுல பெரிய பங்கு இருக்கு. ஆனா சாப்பாடே ஆளைக் காப்பாத்தின இடமும் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெரிபெரின்னு ஒரு நோய். கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில இதயத்தையே நிறுத்திடும். இயந்திர ஆலைகள் அரிசியை வெள்ளை வெளேர்னு தீட்ட ஆரம்பிச்ச பிறகு ஆசியாவுல பல இடத்துல இது தலைவிரிச்சு ஆடிச்சு. 1890கள்ல ஜாவாவுல ஐக்மன்ங்கற டச்சு டாக்டர், தீட்டின அரிசி தின்ற கோழிங்க கால் விளங்காமப் போறதையும், தவிடு நீக்காத அரிசி குடுத்தா எழுந்து நடக்கறதையும் கவனிச்சாரு. 1929ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது.

நம்ம மெட்ராஸ் மாகாணத்துல ஒரு வேடிக்கை. வடசர்க்கார் மாவட்டங்கள், அதாவது இன்னைக்கு ஆந்திராவோட கடலோரம், அங்க பெரிபெரி இருந்துது. தமிழ் மாவட்டங்கள்ல அது பெருசா தலைகாட்டலை. ரெண்டு பக்கமும் மூணு வேளையும் அரிசிதான். குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்துல முதல்ல மெக்காரிசன், 1935லேர்ந்து அய்க்ராய்டு, இவங்கல்லாம் இந்த விஷயத்தை ஆராய்ஞ்சாங்க. அங்க சாப்பிட்டது ஆலையில தீட்டின பச்சரிசி. இங்க புழுங்கலரிசி.

நெல்லை ஊறப்போட்டு அண்டாவுல அவிக்கும்போது, தவிட்டுல இருக்கற பி1 சத்து அரிசிக்கு உள்ளயே இறங்கிடுது. அப்புறம் தீட்டினாலும் ஓரளவு மிஞ்சும். எங்க வீட்டுப் பெண்கள் விடியறதுக்கு முன்னாடி அடுப்பு மூட்டி நெல் அவிச்சு, களத்துல காய வச்சது சத்துக்காக இல்லை. அவிச்ச நெல்லு குத்தும்போது நொறுங்காது, அவ்வளவுதான் அவங்க கணக்கு. அந்த வேலைக்குள்ள உயிரே இருந்திருக்கு.

அதுக்காக ரொம்பப் பெருமைப்படவும் வேணாம். மெக்காரிசன் ஒவ்வொரு பகுதி ஜனங்களோட சாப்பாட்டையும் எலிகளுக்குக் குடுத்துப் பார்த்தாரு. முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்ன்னு சீக்கியர் சாப்பாடு தின்ன எலிங்க நல்லா வளர்ந்துச்சு. அரிசியே பெரும்பங்கா இருந்த மெட்ராஸ் சாப்பாடு தின்னதுங்க சவலையாப் போச்சு. சோத்துக்குப் பக்கத்துல பருப்பும் கீரையும் மோரும் இருந்தாத்தான் அது சாப்பாடு.

இன்னொண்ணு. பி1 தண்ணியில கரையற சத்து. அரிசியைப் பலதடவை கழுவறதும், வடிச்ச கஞ்சியைக் கொட்டறதும் அதைச் சாக்கடைக்கு அனுப்பற மாதிரி. கஞ்சியில உப்புப் போட்டுக் குடிச்சவங்க விவரமானவங்க.

இப்ப எங்க ஊர்ல நெல் அவிக்கற அண்டா எந்த வீட்லயும் இல்லை. நெல்லு நேரா மில்லுக்குப் போயிடுது. அரிசி எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு விலைன்னு வியாபாரி சொல்றாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்லை, நீங்க கேக்கறதைத்தான் அவர் கேக்கறாரு. அடுத்த தடவை கடையில நிக்கும்போது, "கொஞ்சம் பழுப்பா, அதிகம் தீட்டாத புழுங்கலரிசி இருக்கா?"ன்னு கேளுங்க. நாலு பேர் கேட்டாத்தான், தீட்டாம அரைச்சுக் குடுங்கன்னு மில்காரர்கிட்ட நாங்க தைரியமா சொல்ல முடியும்.