இசை வணிகமும் ஒதுங்கி வாழும் கலைஞர்களும்

இசைத்துறையில் பணம் வரும் வழி மாறும்போதெல்லாம், கூட்டத்தை விரும்பாத கலைஞர்களின் பிழைப்பும் மாறிவந்திருக்கிறது. மேடை ஏறாமலே வாழ முடியும் என்ற நிலையை உண்டாக்கியது இசைத்தட்டு.

கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட், பாக் இயற்றிய கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் இசைத்தட்டால் 1956இல் புகழ்பெற்றார். கச்சேரி மேடையை வெறுத்த அவர், 1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் நிகழ்ச்சியோடு 31 வயதில் அதற்கு முழுக்குப் போட்டார். 1982இல் இறக்கும்வரை ஒலிப்பதிவுக்கூடமும் வானொலியுமே அவருக்குப் போதுமாயிருந்தன. ஆனால் அவர் விலகியது பெயர் நிலைத்த பிறகு.

பெயர் கிடைக்கும் முன்பே ஒதுங்கியவர் இங்கிலாந்தின் நிக் டிரேக். 1969 முதல் 1972 வரை ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட அவருடைய மூன்று ஆல்பங்களும் அப்போது தலா 5,000 பிரதிகூட விற்கவில்லை. கச்சேரியும் பேட்டியும்தான் அன்றைய விளம்பரம். டிரேக்கோ பாட்டுக்குப் பாட்டு கிடாரின் சுருதியை மாற்றி அமைப்பார். அந்த இடைவெளியில் வாய் திறக்கமாட்டார். கூட்டம் தன் பாட்டுக்குப் பேசத் தொடங்கிவிடும். விரைவிலேயே மேடையை விட்ட அவர், 1974இல் 26 வயதில் இறந்தார். 1999இல் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் அவருடைய ‘பிங்க் மூன்’ ஆல்பத்தின் தலைப்புப் பாடல் ஒலித்த பிறகு அமெரிக்காவில் அந்த ஆல்பம் மளமளவென்று விற்றது. விளம்பர உரிமத்துக்குக் கலைஞர் நேரில் வர வேண்டியதில்லை. டிரேக்குக்கு அது கால் நூற்றாண்டு பிந்திவிட்டது.

குறுந்தகடு கொழித்த காலம் இத்தகையவர்களுக்குப் பொற்காலம் எனலாம். அயர்லாந்தின் என்யா தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவுசெய்து பாடுபவர். 1988இல் வெளிவந்த ‘வாட்டர்மார்க்’ தொடங்கி அவருடைய ஆல்பங்கள் கோடிக்கணக்கில் விற்றன. தனிக் கச்சேரிச் சுற்றுப்பயணம் ஒன்றுகூட அவர் போனதில்லை.

2000க்குப் பின் தட்டு விற்பனை சரிந்தது. கச்சேரி, பனியன் விற்பனை ஆகியவற்றிலும் பங்கு கேட்கும் ஒப்பந்தங்களுக்கு நிறுவனங்கள் மாறின. பாடகர் ராபி வில்லியம்ஸ் 2002இல் இஎம்ஐ நிறுவனத்துடன் செய்தது இவற்றுள் பெயர்பெற்றது. இத்தகைய ஒப்பந்தத்தில் மேடை ஏறாத கலைஞரால் நிறுவனத்துக்கும் நட்டம். ஸ்ட்ரீமிங் வருமானம் தட்டு விற்பனையின் இடத்தை நிரப்பவில்லை: பிரிட்டனில் ஆண்டுக்கு 1.2 கோடி முறை கேட்கப்படும் பாடல்களுக்குக் கலைஞரின் பங்கு சுமார் 12,000 பவுண்டு என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2022இல் கணித்தது. போதாததற்கு, சமூக ஊடகத்தில் அன்றாடம் முகம் காட்டும் வேலையும் கலைஞர் தலையில் விழுந்தது.

பிறருக்குப் பாட்டு எழுதி உரிமைத்தொகை பெறுவது இன்னும் எஞ்சியிருக்கும் வழி. ஆஸ்திரேலியாவின் சியா, 2012இல் ரிஹானா பாடிய ‘டயமண்ட்ஸ்’ பாடலை எழுதியவர்களுள் ஒருவர். தாமே பாடி 2014இல் ‘ஷாண்டலியர்’ வெளியிட்டபோது, காணொளியில் ஆடவிட்டது ஒரு சிறுமியை. தாம் மேடைக்கு வந்தபோது முகத்தை விக்கால் மறைத்துக்கொண்டார்.