மைதானம் எங்கே? இடம் தேடிய கதை



மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நட்டதிலிருந்து வகுப்பில் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "சேர், நமக்கு எப்ப?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடும் முன், இந்த நாட்டில் மைதானங்களுக்கு எப்படி இடம் பிடித்தார்கள் என்று பார்ப்போம்.

கொழும்பு கெத்தாராம மைதானம் 1986இல் திறக்கப்பட்டது. அன்றைய பிரதமர் பிரேமதாச முன்நின்று, மாளிகாவத்தைப் பக்கம் இருந்த சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டுவித்தார். சுற்றிலும் சனம் நெருங்கி வாழும் இடம். பார்க்க வருபவர் நடந்தே வரலாம். இன்றும் அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை.

தம்புள்ளைக்கு 2000இல் மைதானம் போனதற்குக் காரணம் வானிலை. கொழும்பிலும் காலியிலும் தென்மேல் பருவமழை பெய்யும் மாதங்களில் உலர் வலயம் காய்ந்து கிடக்கும். நம்ம திருகோணமலையும் அதே வலயம்தான். இதை மனதில் வைத்துக்கொள்வோம்.

அடுத்தது அம்பாந்தோட்டை சூரியவெவ. 2011 உலகக்கிண்ணத்துக்காக 35,000 பேர் இருக்கக்கூடிய மைதானத்தைக் கட்டினார்கள். சுற்றிலும் காடும் வயலும். உலகக்கிண்ணம் முடிந்தது, ஆட்டங்கள் குறைந்தன. அந்தக் கிண்ணத்துக்காக மைதானங்கள் கட்டிய கடன் கிரிக்கெட் சபையை நெருக்கி, வீரர்களின் சம்பளமே தாமதமானது.

அந்த அனுபவம் 2020 மே மாதம் கைகொடுத்தது. ஹோமாகமவில் நாட்டின் மிகப் பெரிய மைதானத்தைக் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. இருக்கிற மைதானங்களிலேயே போதிய ஆட்டம் இல்லையே, இன்னொன்று எதற்கு என்று மஹேல ஜயவர்தன வெளிப்படையாகக் கேட்டார். பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ முன்னாள் வீரர்களை அழைத்துப் பேசினார். சில நாட்களிலேயே திட்டம் நின்றது. பாடசாலைக் கிரிக்கெட்டைக் கவனிப்போம் என்றார்கள்.

மண்டைதீவிலும் விவாதம் ஓயவில்லை. ஈரநிலமும் கண்டலும் அழியும் என்று சூழலியல் அமைப்புகள் சொல்கின்றன. வடக்குப் பிள்ளைகள் ஒரு சர்வதேச ஆட்டத்தைத் தங்கள் மண்ணில் பார்க்க எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் தட்டிக்கழிக்க முடியாது.

இப்போது நம்ம பக்கம் வருவோம். நகரத்தில் மெக்கெய்சர் மைதானமும் ஏகாம்பரம் மைதானமும் இருக்கின்றன. மூதூர், தோப்பூர், புல்மோட்டைப் பிள்ளைகள் ஒரு போட்டிக்கு அங்கே வந்து இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன் துறையில் காத்திருந்த மணித்தியாலங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணியை நாம் யாருமே மறக்க முடியாது. பாலம் கட்டி முடியாத இடத்தில், பாடசாலைக்குப் போன பிள்ளைகள் மிதவைப் பாதையில் பயணித்து ஆற்றோடு போனார்கள்.

ஆகவே மைதானம் கேட்கும்போது முதலில் பாதையைக் கேட்போம். அந்த இடத்துக்குப் பிள்ளை பஸ்ஸில் போய்த் திரும்ப முடியுமா? மாரியில் வெள்ளம் நிற்குமா? பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் மலசலகூடம் இருக்குமா? ஆட்டம் இல்லாத நாளில் கதவைப் பூட்டுவார்களா, பாடசாலைகளுக்குத் திறந்துவிடுவார்களா?

பெரிய மைதானம் வந்தால் சந்தோசம்தான். அது வரும்வரை ஒவ்வொரு ஊர் மைதானத்தையும் மட்டப்படுத்தி, வடிகால் வெட்டி, ஒரு விளக்குப் போட்டுத் தரச் சொல்லி நம்ம பிரதேச சபை உறுப்பினர்களிடம் கேட்போம். இன்ஷா அல்லாஹ், "சேர், நமக்கு எப்ப?" என்று கேட்கும் பிள்ளை பாடசாலையை விட்டுப் போகுமுன் அதையாவது செய்துகொடுப்போம்.