பாட்டி மாத்திரை சாப்பிட்டாரா, இல்லையா? அயர்லாந்து ஆங்கிலத்தின் கதை

இன்னைக்கு சுகர், பிரஷர் எல்லாம் இல்ல. கொஞ்சம் வரலாறு. நீளமான த்ரெட், டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு கற்பனை. நீங்கள் அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டாக்டர். (நம்மூர் டாக்டர்கள், நர்ஸுகள் அங்கே நிஜமாகவே நிறைய பேர் இருக்காங்க.) நைட் டியூட்டி. கிராமத்திலிருந்து வந்திருக்கும் ஒரு பாட்டியிடம் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர் சொல்கிறார்: "ஐ ஆம் ஆஃப்டர் டேக்கிங் இட், டாக்டர்."

நாம ஸ்கூல்ல படிச்ச இங்கிலீஷை வெச்சுப் பார்த்தா என்ன தோணும்? ஏதோ "ஆஃப்டர்"ங்கறாங்க, இனிமேதான் சாப்பிடப் போறாங்க போல. சரி, கொடுத்துடலாம்.

கொடுத்துடாதீங்க. பாட்டி சொன்னது, "இப்பத்தான் சாப்பிட்டேன்." நீங்கள் கையில் எடுத்திருப்பது இரண்டாவது டோஸ்.

பாட்டி பேசியது தப்பான இங்கிலீஷ் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு நாட்டின் வரலாறே உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அயர்லாந்துக்குத் தனி மொழி உண்டு. ஐரிஷ். ஆங்கிலத்தோட வட்டார வழக்கு கிடையாது, வேற குடும்பம், கெல்டிக் மொழி. அந்த மொழியில் "இப்பத்தான் செய்தேன்" என்று சொல்ல வேண்டுமானால் "நான் அதைச் செய்ததற்குப் பின் இருக்கிறேன்" என்கிற மாதிரி சொல்வார்கள். ஐரிஷ் மொழியை விட்டு ஆங்கிலத்துக்கு மாறியபோது, சொற்களை மாற்றினார்கள். வாக்கியத்தின் எலும்புக்கூட்டை மாற்றவில்லை. அதனால் வந்ததுதான் இந்த "ஆஃப்டர்".

ஐரிஷ் மொழியைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம் ஒன்று உண்டு. அதில் ஆங்கிலத்தின் "ஹேவ்" மாதிரி ஒரு வினைச்சொல் இல்லை. "என்கிட்ட புத்தகம் இருக்கு" என்றுதான் சொல்வார்கள், நம்மைப் போலவே. பசி என்றால் "என் மேல் பசி இருக்கிறது". நாம "எனக்குப் பசிக்குது"ங்கறோம். "யெஸ்", "நோ"வுக்கு நேரான சொற்களும் இல்லை. சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டேன், சாப்பிடலை என்று வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். இன்றும் அயர்லாந்துக்காரர் ஆங்கிலம் பேசும்போது "ஆர் யூ கமிங்?" என்றால் வெறும் "யெஸ்" சொல்லாமல் "ஐ ஆம்" என்று சொல்வதை நிறையக் கேட்கலாம்.

உச்சரிப்பிலும் அப்படித்தான். "த்ரீ", "தேங்க்ஸ்" சொல்லும்போது இங்கிலாந்துக்காரர் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விடுவார். அயர்லாந்தில் பெரும்பாலோர் நம்ம "த" மாதிரி பல்லில் தட்டிச் சொல்வார்கள். "ஃபில்ம்" என்று முடிக்க மாட்டார்கள், நடுவில் ஒரு உயிரெழுத்தைச் செருகி "ஃபிலம்" என்பார்கள். நாம "பிலிம்"னு சொல்ற மாதிரியே. இரண்டு நாட்டுக்காரர்களும் அவரவர் தாய்மொழியின் வாயை வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசியதால் வந்த ஒற்றுமை இது.

சரி, ஆங்கிலம் அங்கே எப்படிப் போச்சு?

1169ல் நார்மன் படை அயர்லாந்தில் இறங்கியது. அவர்களோடு வந்த ஆட்கள் ஆங்கிலம் கொண்டு வந்தார்கள். ஆனால் கொஞ்ச காலத்தில் நடந்தது வேற. வந்து குடியேறியவர்களே ஐரிஷ் பேச ஆரம்பித்துவிட்டார்கள்! பதறிப்போன ஆட்சியாளர்கள் 1366ல் கில்கென்னி என்ற ஊரில் சட்டம் போட்டார்கள்: ஆங்கிலேயக் குடியேறிகள் ஐரிஷ் பேசக் கூடாது, ஆங்கிலம்தான் பேச வேண்டும். அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி? பிரெஞ்சு. (சட்டம் போடுறவங்களுக்கு அது பொருந்தாது போல.)

அந்த முதல் அலையில் வந்த ஆங்கிலம் ஒரு மூலையில் மட்டும் அப்படியே உறைந்து நின்றது. தென்கிழக்கில் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில் ஃபோர்த், பார்ஜி என்ற இரண்டு பகுதிகளில் மக்கள் பேசிய அந்தப் பேச்சை "யோலா" என்கிறார்கள். அந்தப் பேச்சிலேயே யோலா என்றால் "பழைய" என்று பொருள். வெளியூர் ஆங்கிலேயருக்குக் கூடப் புரியாத அந்த இடைக்கால ஆங்கிலம் கிட்டத்தட்ட எழுநூறு வருஷம் தாக்குப்பிடித்து 19ஆம் நூற்றாண்டில் மறைந்தது.

அடுத்தது வடக்கு. 1609 வாக்கில் அல்ஸ்டர் பகுதியில் நிலங்களைப் பிடுங்கி ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்களைக் கொண்டு வந்து குடியமர்த்தினார்கள். இன்றைக்கு பெல்ஃபாஸ்ட், ஆன்ட்ரிம் பக்கம் கேட்கிற பேச்சில் ஸ்காட்லாந்து வாடை அடிப்பதற்குக் காரணம் அதுதான். டப்ளின்காரர் ஒருவரையும் பெல்ஃபாஸ்ட்காரர் ஒருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால், இது சின்னத் தீவு என்று நம்பவே முடியாது.

ஆனாலும் 1800 வாக்கில் கூட லட்சக்கணக்கான மக்களின் வீட்டு மொழி ஐரிஷ்தான். அது உடைந்தது அடுத்த நூறு வருஷத்தில். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகணும்.

1831ல் அரசு தேசியப் பள்ளிகளைத் தொடங்கியது. பாடம் ஆங்கிலத்தில். அந்தக் காலப் பிள்ளைகள் பலர் கழுத்தில் ஒரு குச்சி தொங்கியது. பிள்ளை ஐரிஷ் வார்த்தை ஒன்று பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. கடைசியில் வெட்டுகளை எண்ணி அதற்கேற்ற அடி. "பாட்டா ஸ்கோர்" என்று அந்தக் குச்சிக்குப் பெயர்.

வாத்தியார் மேல கோபம் வருதுல்ல? இருங்க. வீட்டில் பிள்ளை ஐரிஷ் பேசினால் அந்தக் குச்சியில் வெட்டுப் போட்டது பல இடங்களில் பெற்றவர்கள். ஐரிஷ் மட்டுமே தெரிந்த பெற்றோர், தங்கள் பிள்ளை தங்களோடு தங்கள் மொழியில் பேசியதற்காக வெட்டுப் போட்டு அனுப்பினார்கள். கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. நீதிமன்றம், சந்தை, அரசு வேலை, அமெரிக்கா போகும் கப்பல், எல்லாவற்றுக்கும் கதவு ஆங்கிலம். டேனியல் ஓ'கானல் என்று ஒரு பெரிய மக்கள் தலைவர், கெர்ரிக்காரர், வீட்டு மொழி ஐரிஷ். அவரே ஆங்கிலம்தான் பயன் தரும் என்று சொல்லி, பொதுக்கூட்டங்களில் ஆங்கிலத்தில்தான் பேசினார்.

அதன் மேல் விழுந்தது 1845ல் தொடங்கிய பெரும் பஞ்சம். உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோய். ஏழைகளுக்கு அதுதான் மூணு வேளைச் சாப்பாடு. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். ஒரு டாக்டராக இதையும் சொல்லணும்: பட்டினியை விட டைஃபஸ், ரிலாப்சிங் காய்ச்சல், வயிற்றுப்போக்கு கொன்றவர்கள்தான் அதிகம். 1841ல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851ல் சுமார் 65 லட்சம். செத்தவர்களும் போனவர்களும் பெரும்பாலும் மேற்கிலும் தெற்கிலும் இருந்த ஏழைகள், அதாவது ஐரிஷ் பேசியவர்கள். 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரிந்தவர்கள் சுமார் 15 லட்சம். 1891ல் அது 7 லட்சத்துக்கும் கீழ்.

இப்ப பாட்டியோட வாக்கியத்துக்கு வருவோம். இந்த மக்கள் ஆங்கிலத்தை யாரிடம் கற்றார்கள்? பெரும்பாலும் இங்கிலாந்துக்காரரிடம் இல்லை. தாங்களே அரைகுறையாகக் கற்ற பக்கத்து வீட்டுக்காரரிடம், அண்ணனிடம், உள்ளூர் வாத்தியாரிடம். அதனால் ஐரிஷ் இலக்கணம் ஆங்கிலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் போனது. டோனகல், கால்வே, கெர்ரி, ஒவ்வொரு இடத்து ஐரிஷும் வேறு வேறு. மேலே வந்து படிந்த ஆங்கிலமும் வேறு வேறு.

இன்னொரு வேடிக்கை. "டீ"யை "டே" என்று சொல்கிறார்கள் என்று ஐரிஷ்காரர்களை இங்கிலாந்து நாடகங்களில் ரொம்ப நாள் கிண்டல் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மேல்தட்டு மக்களே அதை "டே" என்றுதான் சொன்னார்கள்! இவர்கள் மாறிவிட்டார்கள், அவர்கள் மாறவில்லை. மாறாதவன் பட்டிக்காட்டான் ஆகிவிட்டான். இதில் உச்சம் என்னன்னா, 1780ல் ஆங்கிலேயருக்கே சரியான உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க அகராதி போட்ட தாமஸ் ஷெரிடன் ஒரு ஐரிஷ்காரர்.

உச்சரிப்பு என்பது கிண்டலோடு நிற்கும் விஷயமும் இல்லை. வட அயர்லாந்தில் எட்டாவது ஆங்கில எழுத்தை "ஹெய்ச்" என்று சொன்னால் கத்தோலிக்கர், "எய்ச்" என்று சொன்னால் புராட்டஸ்டன்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். 1960களின் கடைசியிலிருந்து 1998 ஒப்பந்தம் வரை 3,500 பேருக்கு மேல் செத்த கலவர காலத்தில், தெரியாத தெருவில் ஒருவன் உன்னைப் பிடித்து எழுத்துகளைச் சொல்லச் சொன்னால், அது இங்கிலீஷ் டெஸ்ட் இல்லை. (நாம "ஹெச்"னு சொல்ற ஆளுங்க. அங்க நமக்கு எந்தத் தெருன்னு யோசிச்சுக்கோங்க.)

இனி இன்றைய மாற்றம். இது அரசு உத்தரவால் வந்ததில்லை, காசு வந்ததால் வந்தது.

டப்ளின் நகரத்தின் பழைய உழைக்கும் மக்கள் பேச்சில் ஒற்றை உயிரொலி இரண்டாக உடையும். "ஸ்கூல்" என்பது "ஸ்கூ-வல்" மாதிரியும், "மீன்" என்பது "மீ-யன்" மாதிரியும் கேட்கும். 1984ல் டப்ளினில் கடலோர மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. சுருக்கப் பெயர் "டார்ட்". அந்த ரயில் போகும் தெற்கு டப்ளின் வசதியான பகுதி. அங்கே சிலர் அதை "டோர்ட்" என்று வாயை உருட்டிச் சொல்ல, ஊரே சிரித்து, அந்தப் பேச்சுக்கே "டோர்ட் பேச்சு" என்று பெயர் வைத்துவிட்டது. கிண்டல் தாங்காமல் இளசுகள் அந்த ஒலியை விட்டுவிட்டார்கள். ஆனால் வேறு உயிரொலிகளை மாற்றிக்கொண்டார்கள்.

இதைப் பல வருஷம் ஆராய்ந்தவர் ரேமண்ட் ஹிக்கி என்ற மொழியியலாளர், அவரே ஐரிஷ்காரர். எல்லோரும் அமெரிக்க டிவி பார்த்து மாறிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் வேறு விளக்கம் சொன்னார். 1990களில் அயர்லாந்தில் பணம் கொட்டியது. புதிதாக வசதி வந்த டப்ளின்காரர்கள் அமெரிக்கர் மாதிரி ஆக ஆசைப்பட்டதை விட, பக்கத்துத் தெரு ஏழை டப்ளின்காரர் மாதிரி கேட்கக் கூடாது என்று நினைத்ததுதான் காரணம். அவன் எந்தப் பக்கம் இழுக்கிறானோ, அதற்கு எதிர்ப்பக்கம் இவர்கள் இழுத்தார்கள். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததில்லை. எனக்கு இது ரொம்ப சரியாகப் படுகிறது. நாம யார் மாதிரி பேச ஆசைப்படுறோம்ங்கறதை விட, யார் மாதிரி பேசிடக் கூடாதுன்னு பயப்படுறோம்ங்கறதுதான் நாக்கை ஆட்டி வைக்குது.

அந்தப் புது டப்ளின் பேச்சு டிவி, ரேடியோ வழியாகவும், காலேஜ் படிக்கவும் வேலைக்கும் டப்ளின் வந்து திரும்பிய பிள்ளைகள் வழியாகவும் மற்ற ஊர்களுக்குப் போனது. இளம்பெண்கள் இதில் முன்னால் போனார்கள். கார்க், லிமெரிக், கால்வே வீடுகளில் தாத்தா ஒரு மாதிரியும் பேத்தி இன்னொரு மாதிரியும் பேசுகிறார்கள். வடக்கு மட்டும் இதில் பெரிதாக அசையவில்லை. 2018ல் வந்த "டெர்ரி கேர்ள்ஸ்" சீரியலை வெளிநாட்டுக்காரர்கள் பலர் சப்டைட்டில் போட்டுத்தான் பார்த்தார்கள்.

ஐரிஷ் மொழியின் நிலை? 1922ல் சுதந்திர அரசு வந்தது, பள்ளியில் கட்டாயப் பாடமானது. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் 71,968.

கடைசியாக ஒன்று. 1928 முதல் 1931 வரை, பெர்லினைச் சேர்ந்த வில்ஹெல்ம் டோகன் என்பவரை ஐரிஷ் அரசு அழைத்து, மாவட்டம் மாவட்டமாக வயதானவர்களின் ஐரிஷ் பேச்சை இசைத்தட்டில் பதிய வைத்தது. பலரைச் சொல்லச் சொன்ன கதை பைபிளில் வரும் ஊதாரி மகன் கதை. ஒரே கதையைச் சொன்னால்தான் வட்டார வேறுபாடு தெளிவாகத் தெரியும். நம் நாட்டில் மொழி ஆய்வு நடத்திய கிரியர்சன் பயன்படுத்தியதும் இதே கதைதான். அவர் 1851ல் டப்ளின் மாவட்டத்தில் பிறந்தவர்.

அந்த இசைத்தட்டுகளில் ஆன்ட்ரிம் மாவட்டத்துக் குரல்களும் இருக்கின்றன. இன்று அந்த ஐரிஷைத் தாய்மொழியாகப் பேச ஒருவரும் இல்லை. ஆன்ட்ரிம் எந்த ஊர்னு யோசிக்கிறீங்களா? நம்ம இடையன்குடி கால்டுவெல், 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், 1814ல் பிறந்தது அங்கேதான்.

டோகனின் பதிவுகளை ராயல் ஐரிஷ் அகாடமி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. கேட்டுப் பாருங்க, அர்த்தம் புரியலைன்னாலும் பரவாயில்லை.

நான் டியூட்டியில் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா வந்து "புள்ளைக்கு மேலு காயுது"ன்னாங்க. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. காய்ச்சல். இப்பல்லாம் அதே ஊர் ஆளுங்க என் முன்னால வந்து உக்காந்ததும் "ஃபீவர் சார்"ங்கறாங்க. உங்க ஊர்ல, உங்க ஆச்சி, அப்பத்தா, பாட்டி காய்ச்சலுக்கும் தலைசுத்தலுக்கும் என்ன சொல்வாங்க? ஊர் பேரோட கீழே எழுதிட்டுப் போங்க. எனக்கு நிஜமாவே தேவைப்படுது.